வந்து சேரும்

நண்பர் ஒருவர் ‘டேவிட் காப்பர்பீல்டு’ நாவலைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறார். சார்லஸ் டிக்கன்ஸ் 1849-ம் ஆண்டு மே மாதம் தொடங்கி 1850 நவம்பர் வரையில் மாதப் பகுதிகளாக வெளியிட்ட பெரிய நாவல் அது. நண்பர் பொறுமைசாலி. ஒரு வருஷமாகப் பக்கம் பக்கமாய் உழைத்து வருகிறார். சென்ற வாரம் ஒரு நாள் மாலை வந்தவர், எதிரே வைத்த காப்பியைக்கூடக் கவனிக்காமல், “இந்த மிக்காபர் என் உயிரை வாங்குகிறார், ஸார்” என்றார்.

மிக்காபரைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. நேராகச் சொல்ல வேண்டிய எதையும் அவர் நேராகச் சொன்னதில்லை. லத்தீன் வாடை வீசும் நீண்ட நீண்ட சொற்களை அடுக்கிக்கொண்டே போவார். பிறகு தமக்கே மூச்சு முட்டியதுபோல் நிறுத்தி, “சுருக்கமாகச் சொன்னால்” என்று ஆரம்பித்து விஷயத்தைச் சாதாரண வார்த்தையில் போட்டு உடைப்பார். அந்தப் பெரிய சொற்கள்தாம் நண்பரைத் திணற அடிக்கின்றன போலும் என்று நினைத்தேன்.

“அதெல்லாம் ஒன்றுமில்லை. அதற்குச் சமஸ்கிருதத்தில் கடன் வாங்கிச் சமாளித்துவிட்டேன். இரண்டே இரண்டு சின்னச் சொற்களில்தான் பத்து நாளாக நிற்கிறேன். ‘டர்ன் அப்’ என்கிறாரே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?”

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை அந்த நாவலிலேயே கடினமான சொல் அதுதான்.

‘டர்ன்’ என்றால் திரும்புதல் அல்லது திருப்புதல். ‘அப்’ என்றால் மேலே. பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரிந்த இந்த இரண்டும் சேர்ந்தவுடன் இரண்டிலும் இல்லாத ஒரு மூன்றாவது பொருள் பிறந்துவிடுகிறது. ஆங்கில மொழியில் இப்படிப்பட்ட கூட்டு வினைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1755-ம் ஆண்டில் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையிலேயே டாக்டர் ஜான்ஸன், அந்நியர்களுக்கு மிகுந்த கஷ்டம் கொடுப்பவை இவைதாம் என்று ஒப்புக்கொண்டு, அதனால் இவற்றைத் தனிக் கவனத்தோடு திரட்டியிருப்பதாகச் சொல்கிறார். இவ்வளவு பழக்கமான இந்தச் சொல் வகைக்கு இன்று இலக்கணக்காரர்கள் வழங்கும் பெயரை லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பவர் 1925-ல் எழுதிய புத்தகத்தில்தான் முதலில் காண்கிறோம். அந்தப் பெயரும் தம்முடையதல்ல, ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்னது என்று அவர் எழுதியிருக்கிறார். பெயர் இல்லாமலே ஜனங்கள் அதுவரை பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தமிழ் வாசகர் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நம்மிடமும் இதற்கு அண்ணன் தம்பி முறையாக ஒன்று உண்டு. “வந்தான்” என்பது வெறும் செய்தி. “வந்துவிட்டான்” என்றால் ஒரு முடிவு தெரிகிறது. “வந்து சேர்ந்தான்” என்றால் வழியில் கொஞ்சம் சிரமம் இருந்திருக்கிறது. “வந்து தொலைந்தான்” என்றால் சொல்லுகிறவருக்கு அவனைக் கண்டால் ஆகாது. “வந்து முளைத்தான்” என்றால் அவனை யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தவன் ஒருவனே. பின்னால் ஒட்டிக்கொண்ட சொல்தான் வீட்டாரின் மனநிலையைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலேயன் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்று ஒட்டுவதை வைத்துச் செய்யும் காரியத்தை நாம் தொலை, முளை, தள்ளு, போடு என்ற துணைகளை வைத்துச் செய்கிறோம். ஆகவே எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று அகராதியில் தேடிப் பயனில்லை. எந்த மனநிலைக்கு எந்தச் சொல் என்று தேட வேண்டும்.

‘டர்ன் அப்’ என்பதற்கு இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு கை வேலை செய்கிறது. சட்டையின் கழுத்துப் பட்டையைத் தூக்கிவிட்டுக் கொள்வதும், விளக்கின் திரியை ஏற்றுவதும், கலப்பை அடிமண்ணைப் புரட்டி மேலே கொண்டுவருவதும் அந்தக் குடும்பம். விஸ்ட் என்ற சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுகிறவன் கடைசிச் சீட்டைத் திருப்பி வைத்துத் துருப்பு இன்னதென்று காட்டுகிறானே, அதற்கும் இந்தச் சொல்தான். இங்கெல்லாம் திருப்புகிறவன் ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறான்.

மற்றக் குடும்பத்தில் கை இல்லை. காணாமற்போன சாவி எங்கிருந்தோ அகப்படுகிறது. கூப்பிடாத விருந்தாளி வாசலில் நிற்கிறான். எதிர்பாராத உத்தியோகம் ஒன்று வருகிறது. யார் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வியே இல்லை. தானாக வருகிறது. நம் இலக்கணத்தில் முதல் குடும்பத்தைப் பிறவினை என்றும் இரண்டாவதைத் தன்வினை என்றும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். டிக்கன்ஸ் இந்த ஒற்றுமையை நன்றாகப் பயன்படுத்திக் கொண்டிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

மிக்காபரின் வீடு அந்தத் தன்வினையின் மேல் கட்டப்பட்டது. சின்னப் பையனான டேவிட் அந்த வீட்டில் தங்கிக்கொண்டு பண்டகசாலையில் பாட்டில் கழுவப் போகிறான். வாசலில் கடன்காரர்கள் கூச்சலிடுகிறார்கள். மிக்காபர் மாலையில் கண்ணீர் வடித்துக்கொண்டு வருகிறார், இனிச் சிறைதான் கதி என்கிறார். இரவு படுக்கப் போகும்போதோ வீட்டு முகப்புக்கு வளைவு ஜன்னல் வைக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுகிறார். எதை நம்பி? ஏதாவது ‘டர்ன் அப்’ ஆகுமல்லவா, அதை நம்பி. சிறைக்குப் போய்த் திரும்பிய பிறகு பிளிமத்துக்குப் போகிறார். சுங்க இலாகாவில் ஏதாவது நேர்ந்தால் ஆள் அந்த இடத்திலேயே இருக்க வேண்டுமே! அப்புறம் மெட்வே நதிக்கரையில் நிலக்கரி வியாபாரத்தைப் பார்வையிடுகிறார். அதற்குத் திறமையும் முதலும் வேண்டும். திறமை தம்மிடம் உண்டு, முதல் இல்லை என்று கண்டுபிடிக்கிறார். அங்கிருந்து கான்டர்பரிக்கு வருகிறார். தேவாலயம் உள்ள ஊரில் ஏதாவது நேரக்கூடும் என்பது அவர் நம்பிக்கை.

வாயெல்லாம் அரண்மனைச் சொற்களாகப் பேசும் இந்த மனிதர், தம் வாழ்க்கையின் ஆதாரத்தை மட்டும் கடைத்தெருச் சொல் இரண்டில் வைத்திருக்கிறார். அலங்காரமெல்லாம் ஊருக்கு. இது அவருக்கு. மனிதன் எதை உண்மையாக நம்புகிறானோ அதைச் சின்னச் சொல்லில்தான் சொல்லுவான் என்பதை டிக்கன்ஸ் அறிந்திருந்தார். பாத்திரத்துக்கு ஒரு பல்லவி கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது மலிவான தந்திரம் என்று டிக்கன்ஸைக் குறை கூறுவோர் உண்டு. பல இடங்களில் அது மலிவுதான். மிக்காபர் விஷயத்தில் பல்லவியே பாத்திரமாகிவிட்டது. அதனால்தான் ஆங்கில அகராதிகளில் அவர் பெயர் ஒரு பொதுச் சொல்லாக ஏறியிருக்கிறது.

இதற்குத் தமிழ் என்ன? நண்பர் முதலில் “ஏதாவது நடந்தால்” என்று எழுதியிருந்தார். அது சப்பென்று இருக்கிறது. நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். “ஏதாவது கிடைத்தால்” என்றால் கையேந்துகிற தொனி வந்துவிடுகிறது. மிக்காபர் கடன் வாங்குவாரே தவிரக் கையேந்த மாட்டார். “ஏதாவது அகப்பட்டால்” என்றால் தேடினார் என்று ஆகும். தேடியிருந்தால் அவர் மிக்காபரே அல்ல.

“ஏதாவது வழி பிறந்தால்” என்று எழுதலாமே என்றேன். நண்பரும் அதை எழுதிப் பார்த்து அடித்திருக்கிறார். “ரொம்ப நன்றாக இருக்கிறது, ஸார், அதனால்தான் அடித்தேன்” என்றார். அவர் சொன்னது சரிதான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம்புகிறவன் ஆடியில் விதைத்தவன். ஐந்து மாதம் தண்ணீர் பாய்ச்சி, களை எடுத்து, காவல் காத்துவிட்டுத்தான் தை மாதத்தை எதிர்பார்க்கிறான். மிக்காபரோ ஆடியில் ஒன்றுமே விதைக்காமல் தையை எதிர்பார்க்கிறவர்.

அந்த வித்தியாசத்தை டிக்கன்ஸ் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டுகிறார். டேவிட்டின் பள்ளித் தோழன் டிராடில்ஸ், ஏழை, வக்கீல் தொழிலுக்குப் படிக்கிறவன், மிக்காபர் வீட்டில் குடியிருக்கிறான். அவனுக்கும் காத்திருப்புதான் வாழ்க்கை. ஸோபி என்ற பெண்ணை மணக்க வேண்டும். எத்தனை வருஷமாகுமோ தெரியாது. அதற்குள் வருங்காலக் குடித்தனத்துக்கென்று இரண்டு சாமான் சேர்த்து வைத்திருக்கிறான். ஒன்று பளிங்குப் பலகை பதித்த சின்ன வட்ட மேஜை, மற்றது ஒரு பூந்தொட்டி. மிக்காபர் இந்தப் பையனைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் செய்கிறார். பிறகு மிக்காபரின் சாமான்களை ஜப்தி செய்ய வந்தவர்கள் அந்த மேஜையையும் தொட்டியையும்கூட அள்ளிக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒரு பழஞ்சாமான் கடையில் அவற்றைப் பார்த்துவிட்டு, தான் போய்க் கேட்டால் கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான் என்று தெருவில் ஒளிந்து நின்று, டேவிட்டின் வளர்ப்புத் தாதியைக் கொண்டு திரும்ப வாங்குகிறான் டிராடில்ஸ்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. புத்தகத்தை மூடிய பிறகு அந்தப் பூந்தொட்டி மனத்தை விட்டுப் போவதில்லை. தானாக வரும் என்று ஒருவன் காத்திருந்தால், அதற்கான செலவை வேறு ஒருவன் கொடுக்கிறான். மிக்காபரின் கூத்துகளைச் சொல்லிச் சிரிக்கும் விமரிசகர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. டிக்கன்ஸ் பார்த்திருக்கிறார்.

ஏனென்றால் அவரே அந்தச் செலவைக் கொடுத்தவர். அவருடைய தகப்பனார் ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. 1824 பிப்ரவரியில் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குச் சேர வேண்டிய 40 பவுன் 10 ஷில்லிங் பாக்கிக்காக மார்ஷல்ஸீ கடன்காரர் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயது மகன் படிப்பை விட்டுவிட்டுப் பாலிஷ் தயாரிக்கும் தொழிற்சாலையில் வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்குச் சீசாக்களுக்குக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தான். தகப்பனார் சிறையில் இருக்கும்போதே பாட்டி இறந்தாள். 450 பவுன் அவருக்கு உயில் மூலம் வந்தது. மே மாதக் கடைசியில் விடுதலையும் ஆனார். உண்மை வாழ்க்கையில் ‘ஏதாவது’ வரத்தான் செய்தது. அதுதான் அபாயம். ஒரு தடவை வந்துவிட்டால், மறு தடவையும் வரும் என்று மனிதன் சாகும்வரை உட்கார்ந்திருப்பான். மகன் புகழ் பெற்ற பிறகு தகப்பனார் மகனுடைய பதிப்பாளர்களிடமே கடன் கேட்கத் தொடங்கினார். 1839-ல் டிக்கன்ஸ் பெற்றோரை லண்டனுக்கு வெகு தூரத்தில், எக்ஸீட்டர் நகருக்கு அருகில் ஒரு சிறு வீடு பிடித்துக் குடிவைத்தார்.

மகன் தொழிற்சாலைக்குப் போன கதையை உயிரோடிருந்தவரை டிக்கன்ஸ் வெளியே சொல்லவில்லை. நண்பர் ஜான் பார்ஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். 1870-ல் டிக்கன்ஸ் இறந்த பிறகு பார்ஸ்டர் எழுதிய வரலாற்றில்தான் உலகம் அதைத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்னால் வாசகர்கள் மிக்காபரை வெறும் கோமாளி என்று நினைத்துச் சிரித்தார்கள். நமக்கு அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஒரு மகன் தகப்பனாரை மன்னிப்பதற்கு நாவல் எழுதிப் பார்த்திருக்கிறான் என்று தெரிகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வினைச்சொல் நாவலில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கணவரைவிட்டுப் பிரியவே மாட்டேன் என்று ஓயாமல் சொல்லும் மிஸஸ் மிக்காபரை எல்லோரும் அசடு என்று நினைக்கிறோம். ஆனால் டேவிட் கொடுத்த விருந்தில் ஒரு நாள் அவள்தான் சொல்லுகிறாள்: எதுவும் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அதை வரவழைக்க நாமும் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும் என்று. ஆங்கிலத்தில் அவள் இரண்டு இடத்திலும் ‘டர்ன் அப்’ என்ற அதே சொல்லைத்தான் சொல்லுகிறாள். முதல் தடவை தன்வினை, இரண்டாம் தடவை பிறவினை. நாவலின் சாவி இந்தப் பேதைப் பெண்ணின் வாயில் இருக்கிறது.

கான்டர்பரியில் யூரியா ஹீப்பிடம் குமாஸ்தாவாகப் போய்ச் சேருகிறார் மிக்காபர். ஹீப் சம்பளத்துக்கு முன்பணமாகக் கடன் கொடுத்துக் கொடுத்தே அவரைக் கட்டிவைக்கிறான். மிக்காபர் குடியிருப்பது முன்பு ஹீப் இருந்த வீடு. அந்த வீட்டுக்குக் குடி வந்தபோது, சாம்பல் கொட்டும் தொட்டியில் பாதி எரிந்த ஹீப்பின் குறிப்புப் புத்தகம் ஒன்று தற்செயலாக மிஸஸ் மிக்காபர் கையில் அகப்படுகிறது. ஆயுள் முழுவதும் மிக்காபர் காத்திருந்த ‘ஏதாவது’ சாம்பல் தொட்டியில்தான் வந்தது! ஆனால் வந்ததோடு காரியம் முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் அவர் ரகசியமாகக் கணக்குகளைப் புரட்டி, கள்ளக் கையெழுத்துகளை ஒப்பிட்டு, மோசடி ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுவருகிறார். மண்ணைப் புரட்டும் கலப்பை போல. தன்வினை பிறவினையாகும் இடம் இதுதான். வெடித்துச் சிதறும் அந்த அத்தியாயத்தில் மிக்காபர் கையில் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு குற்றப் பத்திரிகை படிக்கும்போது, அவருடைய பெரிய சொற்களுக்குக்கூட முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு டிக்கன்ஸ் அவரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறார். அங்கே மாஜிஸ்டிரேட் ஆகிறார் மிக்காபர். செஸ்டர்டன் போன்ற பெரிய டிக்கன்ஸ் பக்தருக்கே இந்த முடிவு பிடிக்கவில்லை. எனக்கும் பூரண திருப்தி இல்லை என்றாலும் காரணம் வேறு. மிக்காபர் திருந்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் வியர்த்துக் கொட்ட உழைத்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகப் பெகட்டிக் கிழவர் திரும்பி வந்து சொல்லுகிறார். அந்த உழைப்பு எனக்கு வேண்டும். அதைப் பெகட்டிதான் பார்த்தார், நாம் பார்க்கவில்லை. சோம்பலை நூற்றுக்கணக்கான பக்கங்களில் நம் கண் முன்னால் நடத்திக் காட்டிய ஆசிரியர், உழைப்பை மட்டும் வாய்ச்செய்தியாக இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். உழைக்கும் மிக்காபரை டிக்கன்ஸ் பார்த்ததே இல்லை. தகப்பனார் கடைசிவரை மாறவில்லை. நாவல் முடிந்த நாலாம் மாதம், 1851 மார்ச்சில் காலமானார். மகனால் செய்ய முடிந்ததெல்லாம், தம் கண்ணுக்கு எட்டாத கடலுக்கு அப்பால், தகப்பனாரின் சாயலில் ஒருவரை உழைக்க வைத்ததுதான். கதையின் குறை என்று இதைச் சொல்லிவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

நண்பர் கடைசியில் என்ன எழுதினார் என்று கேட்பீர்கள். பேசிக்கொண்டே இருந்தபோது அவரே கண்டுபிடித்தார்: “வந்து சேரும்.”

எதிர்பாராத வரவு என்ற பொருள் அதில் குறைகிறதே என்று முதலில் மறுத்தேன். தபாலில் போட்ட கடிதம் அல்லவா வந்து சேரும்?

“மிக்காபருக்கு அது தபாலில் போட்டாகிவிட்ட கடிதம்தானே, ஸார்? விலாசம் மட்டும் கொஞ்சம் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான்” என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. ஏதாவது வந்து சேரும் என்று மிக்காபர் சொல்லலாம். பதினேழாம் அத்தியாயத்தில், ஹீப் வீட்டுத் தேநீர் மேஜையில் டேவிட் தவித்துக்கொண்டிருக்கும்போது தெருவோடு போகும் மிக்காபர் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்து உள்ளே வருகிறாரே, அந்த அத்தியாயத்தின் தலைப்பிலும் டிக்கன்ஸ் இதே வினையைத்தான் வைத்திருக்கிறார். அங்கேயும் “ஒருவர் வந்து சேருகிறார்” என்று எழுதிவிடலாம். மிஸஸ் மிக்காபரோ, “தானாக வந்து சேராது, நாமும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்” என்பாள். சேர்தல் தன்வினை, சேர்த்தல் பிறவினை. ஆங்கிலத்தில் ஒரே உருவத்துக்குள் ஒளிந்திருந்த வேற்றுமை தமிழில் ஓர் ஒற்றெழுத்தில் வெளியே தெரிகிறது. மொழிபெயர்ப்பில் எப்போதும் நஷ்டம்தான் என்பார்கள். எப்போதாவது இப்படிச் சில்லறை லாபமும் உண்டு.

நண்பர் போன பிறகு என் மேஜையைப் பார்த்தேன். ஒரு நாவலின் ஏழாவது அத்தியாயம் மூன்று வாரமாக அப்படியே கிடந்தது. யாராவது கேட்டால், “வரும், தானாக வரும், அவசரப்படக் கூடாது” என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் மிக்காபர் தூரத்து உறவுதான். அன்று இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம்தான் தேறிற்று. அதில் அரைப் பக்கத்தை மறுநாள் அடித்துவிட்டேன். மீதி ஒரு பக்கம் நான் கொண்டுவந்து சேர்த்தது.